தோல் தானம்: சட்டம் தானாகச் செய்யாது

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ், இறந்தபின் தானமாக எடுப்பதில் எல்லா உறுப்புகளும் தானாகவே அடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது உள்ளடக்குவது சிறுநீரகம், கல்லீரல், இதயம், விழிவெண்படலம் ஆகிய நான்கை மட்டுமே. தோல் அதில் இல்லை. 18 வயது நிரம்பியவர்கள் மருத்துவ (சிகிச்சை, கல்வி, ஆய்வு) சட்டத்தின் கீழ் அதற்குத் தனியாக உறுதிமொழி கொடுக்கலாம்.

தீக்காய நோயாளிக்கு வைக்கும் தானத் தோல் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளாது. அதன் மேலடுக்கில் உள்ள லாங்கர்ஹான்ஸ் செல்கள் என்னும் தோலின் காவல் செல்களை நோயாளியின் டி செல்கள் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள்) அந்நியமென்று கண்டுகொண்டு, சுமார் 2, 3 வாரங்களில் நிராகரித்துவிடும். பெரிய தீக்காயத்தில் நோய் எதிர்ப்பாற்றல் தளர்ந்திருப்பதால் சற்றுக் கூடுதலாகவும் நிற்கலாம். ‘பிறகெதற்கு?’ என்று கேட்பார்கள். அந்த வாரங்கள்தான் உயிர்! கருகிய தோலை வெட்டியெடுத்த இடத்தைத் திறந்து வைத்தால் நீரும் புரதமும் கசிந்தோடும், கிருமி புகும். நோயாளியின் சொந்தத் தோலில் தபால்தலை அளவு எடுத்து ஆய்வகத்தில் செல்களை வளர்க்கவும் ஏறக்குறைய 3 வாரம் பிடிக்கும். அந்த இடைவெளியை அடைப்பது இந்தத் தோல்தான்.

எடுப்பது முதுகு, தொடைப் பகுதிகளிலிருந்து மில்லிமீட்டரில் பாதிக்கும் குறைவான மேற்படலம். முகத்தைத் தொடுவதில்லை, நீர்மாலை, வாய்க்கரிசி எதற்கும் இடையூறில்லை. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் தோல் வங்கிக்கு இது சேரவேண்டும். உறுதிமொழி தந்தவர்கள் அதை வீட்டாரிடமும் இன்றே சொல்லி வையுங்கள்.

ஒரு வாசகர்,
ஈசூன்