பரீட்சைக் காலையில் வரும் வயிற்றுவலி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தவணைப் பரீட்சை நெருங்க நெருங்க, வயிற்றுவலி, சத்தி, தலையிடி என்று வீட்டில் நின்றுவிடும் பிள்ளைகள் கூடுகிறார்கள். வைத்தியரிடம் காட்டினால் ஒரு நோயும் இல்லை என்கிறார். உடனே "நடிக்கிறாள்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த வலி உண்மையானது. பயம் வந்தால் உடல் ஆபத்துக்குத் தயாராகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கும், சமிபாடு மந்தமாகும், வயிறு பிசையும்.

பிள்ளை அழும்போது "சரி, இன்றைக்கு நில்" என்று சொல்வது பாசத்தால்தான். பாடசாலை வான் போனதும் வலியும் போய்விடும். ஆனால், போகாமல் விட்டதால்தான் தப்பினேன் என்பதையே பிள்ளையின் மனம் அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. அடுத்த பரீட்சைக்குப் பயம் இன்னும் பெரிதாக வரும். திட்டி, இழுத்துக்கொண்டு வருவதும் உதவாது. பயத்தோடு வெட்கமும் சேர்ந்துவிடும்.

உளச்சிகிச்சையில் இதற்கு ஒரு நடு வழி உண்டு. 1960களில் அமெரிக்க உளமருத்துவர் ஆரன் பெக் தொடங்கிய முறையிலிருந்து வளர்ந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, மனதில் ஓடிய எண்ணம், அதனால் வந்த உணர்வு, அதன்பின் செய்த செயல் மூன்றையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. "ஏன் பயப்படுகிறாய்?" என்று கேட்டால் பிள்ளைக்குப் பதில் தெரியாது. "அந்த நேரம் மனதில் என்ன ஓடியது?" என்று கேட்டுப் பாருங்கள். "நான் பெயில், அம்மா யாருக்கும் முகம் காட்டமாட்டா" என்று வரலாம். அதற்கு "அப்படியெல்லாம் நடக்காது" என்று வாயை அடைக்க வேண்டாம். போன முறை புள்ளி குறைந்தபோது உண்மையில் என்ன நடந்தது, அதன்பின் எப்படிச் சமாளித்தாய் என்று கேளுங்கள். பதிலைப் பிள்ளையே தேடட்டும்.

அப்புறம், சின்னச் சின்னப் படிகள். ஒரு நாள் வாசல் வரை, அடுத்த நாள் நூலகத்தில் ஒரு பாடவேளை, பிறகு வகுப்பு. வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொன்னால் இதற்கு நாங்கள் இடம் தருவோம். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடும் பயிற்சியை இரவில் படுக்கும் முன் சேர்ந்து செய்யுங்கள். பதற்றம் வந்த பிறகு புதிதாகக் கற்பிக்க முடியாது.

எங்கள் பிள்ளைகளின் நாளையும் ஒருதரம் பாருங்கள். பகல் 1.30க்குப் பாடசாலை விட்டதும் வெள்ளவத்தையில் ஒரு டியூஷன், பம்பலப்பிட்டியில் இன்னொன்று, நடுவில் காலி வீதி நெரிசல், வீடு வந்து வீட்டுவேலை. பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணிநேரத் தூக்கம் வேண்டும், அதைவிடச் சிறியவர்களுக்கு 9 மணிநேரத்துக்குக் குறையக்கூடாது. தூக்கமில்லாத பிள்ளைக்கு எந்தப் பயிற்சியும் பலன் தராது. ஒரு வகுப்பைக் குறைக்க முடியுமா என்று யோசியுங்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் எழுதும் பத்து வயதுப் பிள்ளை, வெட்டுப்புள்ளியை நினைத்து இரவில் விழித்திருக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வீட்டு முயற்சி போதாத கட்டமும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாகச் சாப்பாடு, தூக்கம் மாறினால், நண்பர்களை விட்டு ஒதுங்கினால், எங்களிடம் சொல்லுங்கள். தன்னைக் காயப்படுத்தினாலோ, வாழ விருப்பமில்லை என்று பேசினாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பிள்ளையைத் தனியே விடாமல் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். 1974 முதல் கொழும்பில் இயங்கும் சுமித்ரயோ அமைப்பும் இலவசமாக, இரகசியமாகச் செவிகொடுக்கிறது. பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் சிறுவர் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது.

"ஊர் என்ன சொல்லும்" என்ற தயக்கம் எனக்கு விளங்குகிறது. எங்கள் உளவளத்துணை ஆசிரியையைச் சந்தித்தது முன்னேற்ற அறிக்கையிலோ விடுகைப் பத்திரத்திலோ எழுதப்படாது. உயிருக்கு ஆபத்தான விடயம் தவிர, பிள்ளை சொல்வது அந்த அறைக்குள்ளேயே நிற்கும். நேரம் ஒதுக்க, காலையில் அலுவலகத்தில் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் மட்டும் கொடுத்தால் போதும், காரணம் யாரும் கேட்கமாட்டார்கள்.

அன்புடன்,
அதிபர்
கொழும்பு