மகளுக்கு: பற்றரியை நிரப்பி வை என்று நான் சொன்னது பற்றி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். போன கிழமை கதைக்கும்போது நீ ஒன்று சொன்னாய், ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. இரவு ரிமோட்டில் விடுகிற என் சின்ன வள்ளத்தின் பற்றரியைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன், விடியப் பார்த்தால் பச்சை லைட் எரிந்துகொண்டிருந்தது என்று. எங்கே வைத்துப் போட்டாய் என்று கேட்டேன். மேசையில் இடமில்லை, கட்டில் ஓரத்தில் என்றாய். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. அம்மா இரண்டு தரம் எழும்பி, நெஞ்சு ஏதும் நோகுதோ என்று கேட்டாள்.

விடிந்ததும் நீ சித்திரை வருசத்துக்கு வந்தபோது இங்கே விட்டுவிட்டுப் போன பற்றரிகளின் ஞாபகம் வந்தது. திருகோணமலை டச்பேயில் கடல் குளம் மாதிரிக் கிடந்த நாட்கள் அவை. அடுத்த நாளும் வள்ளம் விடலாம் என்று நாலு பற்றரியையும் நிறையச் சார்ஜ் போட்டாய். அதற்குள் கந்தோரிலிருந்து அழைப்பு வந்து அன்றிரவே பஸ் ஏறிவிட்டாய். நாலையும் பிஸ்கட் பெட்டியில் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்தது நான்தான். மேலே அஸ்பெஸ்ரஸ் கூரை. பிறகு வைகாசி, ஆனி, ஆடி. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பாலையூற்றில் அந்த அறை மத்தியானம் எப்படிக் கொதிக்கும் என்று உனக்கே தெரியும்.

பெட்டியைத் திறந்தபோது இனிப்பாக ஒரு மணம் வந்தது, நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் மணம் போல. மூன்று பற்றரிகள் வைத்தபடி தட்டையாக இருந்தன. நாலாவது சின்னத் தலையணை மாதிரி ஊதிப் போய், மேலே சுற்றியிருந்த நீல உறை ஓரத்தில் கிழிந்திருந்தது. கையில் எடுத்தால் கனம் அதேதான், ஆனால் விரல் பட்ட இடம் பஞ்சு போல அமுங்கியது. கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோய்ச் சீமெந்துக் கல்லில் வைத்து, உள்ளே இருக்கிற மூன்று செல்லிலிருந்தும் கம்பி வருகிற சின்ன வெள்ளைப் பிளக்கில் மீற்றரைப் பிடித்து ஒவ்வொரு செல்லாகப் பார்த்தேன். 4.13, 4.12, 3.41 வோல்ட். கரண்ட் எடுக்கிற பெரிய மஞ்சள் பிளக்கில் மொத்தமாகப் பார்த்திருந்தால் 11.66 என்று காட்டியிருக்கும், நானும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று நினைத்துத் திரும்பவும் நிரப்ப உனக்கு அனுப்பியிருப்பேன்.

மகள், இதில் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பற்றரியை எப்போதும் நிரப்பி வை என்று உனக்குச் சொல்லித் தந்தது நான். நீ ஏழாம் வகுப்பில் என் பற்றரிக் கடைக்கு வந்து, அமிலத்தின் அடர்த்தி பார்க்கிற ஹைட்ரோமீற்றரைப் பிடித்து, நிறைந்ததற்கு அடையாளமான 1.265 இருக்கிறதா என்று பார்த்த காலத்திலிருந்து அதைத்தான் சொன்னேன். வள்ளக்காரர் கொண்டுவருகிற ஈயப் பற்றரிக்கு அது சரியான பேச்சு. அதை வெறுமையாக விட்டால் தகட்டில் சல்பேற்று படிந்து இறுகிவிடும், பிறகு என்ன செய்தாலும் ஏறாது. நிரப்பி வைத்தால் பிழைக்கும். இரவு முழுக்கச் சார்ஜில் கிடந்தாலும் தண்ணீர் கொஞ்சம் கொதித்துப் போகும், காலையில் வடிநீர் விட்டால் சரி. முப்பது வருசமாக அந்தப் பழக்கத்தில் ஊறிய கை என்னுடையது. உன் சின்ன வள்ளத்துக்குப் போடுகிற லிப்போ, அதாவது லித்தியம் பொலிமர் பற்றரி, வந்தபோது அதையும் இன்னொரு பற்றரி என்றே நினைத்தேன். அதற்கு அந்தப் பேச்சு அப்படியே தலைகீழ். அதை நான் உனக்குச் சொல்லவில்லை, அந்தப் பிழையைத் திருத்தத்தான் இந்தக் கடிதம்.

லிப்போவுக்குள் கொதித்துப் போகத் தண்ணீர் இல்லை. எரியக்கூடிய கரைசலும், இரண்டு தகட்டுக்கும் நடுவில் மயிரிழையை விட மெல்லிய பிளாஸ்ரிக் தாளும்தான். ஒரு செல் 4.2 வோல்ட்டில் நிறைகிறது. அந்த நிறைவில், சூட்டில், சும்மா கிடந்தால் உள்ளே இருக்கிற கரைசல் மெல்ல மெல்லப் பிரிந்து வாயுவாகிறது, அதுதான் ஊதல். மறுபக்கம் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விட்டு அப்படியே போட்டுவைத்தால் இன்னும் இறங்கிக்கொண்டு போய், மிகவும் கீழே போனதும் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும், பிறகு சார்ஜ் போடும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷோர்ட் ஆகலாம். ஆகவே நிறைந்தும் வைக்கக்கூடாது, வெறுமையாகவும் வைக்கக்கூடாது. செல்லுக்கு 3.8 வோல்ட், அதாவது பாதியளவு. உன் மூன்று செல் பற்றரிக்கு மொத்தம் 11.4 வர வேண்டும். இரண்டு மூன்று நாளைக்குள் வள்ளம் விடப் போவதில்லை என்றால் அந்த அளவுக்குக் கொண்டுவந்துதான் வைக்க வேண்டும்.

உன் சார்ஜரில் ஸ்டோரேஜ் என்று ஒரு முறை இருக்கிறது. நீ ஏன் அதைப் பாவிப்பதில்லை என்று யோசித்து நானே போட்டுப் பார்த்தேன், விசயம் விளங்கியது. நிறைந்த 2200 மில்லி அம்பியர்-மணித்தியாலப் பற்றரியைப் பாதிக்கு இறக்க அந்தச் சின்னச் சார்ஜர் 5 வாட்டில்தான் இறக்குகிறது, இரண்டரை மணித்தியாலம் போகும். வேலையால் வந்து களைத்த பிள்ளை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாய். அதனால் இங்கே ஒன்று செய்து வைத்திருக்கிறேன், அடுத்த தரம் வரும்போது எடுத்துக்கொண்டு போ. காரின் பிரேக் லைட்டுக்குப் போடுகிற 12 வோல்ட் 21 வாட் பல்ப், அதற்கு மஞ்சள் பிளக் ஒன்று பற்றவைத்திருக்கிறேன். பற்றரியின் வெள்ளைப் பிளக்கில் உன்னிடம் இருக்கிற அந்தச் சின்ன அலாரத்தைக் குத்தி 3.8 இல் வைத்துவிடு. பல்ப் எரியும், அரை மணித்தியாலம் கொஞ்சம் கூடப் போனதும் அலாரம் கத்தும், கழற்றிவிடு. பல்ப் நன்றாகச் சுடும், தரையில் வை, துணி கிட்ட வேண்டாம். அது எரியும்போது விட்டுவிட்டு எங்கும் போகாதே, கழற்ற மறந்தால் பற்றரி செத்துவிடும்.

இன்னொன்று. முழுதாக நிறைந்த மூன்று செல் லிப்போ 12.6 வோல்ட் காட்டும். நிறைந்த ஈயப் பற்றரியும் கிட்டத்தட்ட அதே அளவுதான் காட்டும். இந்த ஒற்றுமையில் பெரிய ஆபத்து இருக்கிறது. உன் பற்றரியைக் கடைக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்திருந்தேன், வேலைக்கு நிற்கிற தம்பி இதுவும் 12 வோல்ட் தானே என்று வள்ளப் பற்றரிச் சார்ஜரின் கிளிப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அந்தச் சார்ஜர் 14.4 வரை தள்ளும், மூன்றால் பிரித்துப் பார், செல்லுக்கு 4.8. அந்த அளவுக்குப் போனால் உள்ளே எரியத் தொடங்கும், பிறகு தன் சூட்டிலேயே தானாகக் கூடிக்கொண்டு போகும், பிளக்கைக் கழற்றினாலும் நிற்காது. கொழும்பில் உன் அறைத்தோழிக்கும் இதைச் சொல்லிவை, உதவி செய்கிறேன் என்று எதையாவது மாட்டிவிடுவாள்.

சார்ஜ் போடும்போது எப்போதும் வெள்ளைப் பிளக்கையும் சேர்த்துக் குத்தி, ஒவ்வொரு செல்லையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருகிற பலன்ஸ் முறையில்தான் போட வேண்டும். அவசரத்துக்கு மஞ்சள் பிளக் மட்டும் போதும் என்று நினைக்காதே. ஒரு செல் 3.7 இல் நின்றுகொண்டு மொத்தம் 12.6 வந்தால் மற்ற இரண்டும் 4.45 இல் நிற்கிறது என்று அர்த்தம், சார்ஜர் எல்லாம் சரி என்றுதான் பச்சை காட்டும். தொடங்குமுன் லிப்போ என்றும் மூன்று செல் என்றும் திரையில் காட்டுகிறதா என்று ஒவ்வொரு தரமும் பார். அளவு 2200 என்றால் 2.2 அம்பியர், அதற்கு மேல் வேண்டாம், குறைவாகப் போட்டால் நேரம் கூடும், வேறு கெடுதல் இல்லை. வள்ளம் ஓடிச் சூடாக வந்த பற்றரியை உடனே போடாதே, தொட்டால் அறைச் சூட்டில் இருக்க வேண்டும்.

அப்புறம் இடம். கட்டிலில் வேண்டாம், மெத்தையில் வேண்டாம், நுளம்பு வலைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். வெள்ளவத்தையில் உன் அறைக்கு ஒரு கதவுதான், ஆகவே கதவுக்கும் உனக்கும் நடுவில் பற்றரி இருக்கக்கூடாது. இதை நான் அந்த இரவு படுத்துக்கிடந்து யோசித்தேன், உன் அறையை மனதிலே வரைந்து பார்த்தேன். குளியலறைக்கு வெளியே அந்த ஓடு பதித்த தரை இருக்கிறதே, அங்கே ஒரு மண் சட்டி வை. அடியில் இரண்டு அங்குலம் காய்ந்த ஆற்று மண். கடற்கரை மண் அள்ளிப் போடாதே, உப்பு மண் ஈரம் இழுக்கும், பிளக்கில் பச்சை பிடிக்கும். சட்டியை இறுக்கி மூடவும் வேண்டாம், புகை போக வழி இல்லாவிட்டால் வெடிக்கும், இறுக்கமான இரும்புப் பெட்டியில் வைப்பவர்கள் மூடியின் ரப்பரைக் கழற்றிவிடுவது அதனால்தான். சார்ஜர் சட்டிக்கு வெளியே இருக்கட்டும். நீ விழித்துக்கொண்டு அதே வீட்டில் இருக்கிற நேரத்தில் மட்டும் போடு. படுக்கப் போகும்போது பாதியில் நின்றாலும் பரவாயில்லை, கழற்றிவிட்டுப் படு. பாதியில் நிற்பது லிப்போவுக்கு நல்லதுதான்.

கடல் தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும், பிளேன் விடுகிறவர்களுக்கு இந்தக் கரைச்சல் குறைவு. மாசியில் உன் வள்ளம் கவிழ்ந்து உள்ளே தண்ணீர் போனதாகச் சொன்னாய், பற்றரியைத் துடைத்துக் காயவைத்துத் திரும்பவும் ஓட்டினாயாம். உப்புத் தண்ணீர் கரண்டைக் கடத்தும், அந்த வெள்ளைப் பிளக்கின் ஊசிகளுக்கு நடுவில் உட்கார்ந்து மெல்ல மெல்ல அரிக்கும், ஒரு செல்லை மட்டும் இறக்கிவிடும். ஊதிப் போன பற்றரியின் வெள்ளைப் பிளக்கில் பச்சை பிடித்திருந்தது, அந்த 3.41 அங்கிருந்து வந்திருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். இனி அப்படி நனைந்தால் உடனே கழற்றி, நல்ல தண்ணீரால் பிளக்கைக் கழுவித் துடைத்து, வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியில் சீமெந்தில் வைத்து இரண்டு மூன்று நாள் பார். சூடு, மணம், ஊதல் ஒன்றும் இல்லாமல் மூன்று செல்லும் ஒரே அளவு காட்டினால்தான் திரும்பச் சட்டிக்குப் போகலாம். சந்தேகம் என்றால் விட்டுவிடு. ஒரு பற்றரியின் விலை எவ்வளவு என்று எனக்குத் தெரியும், நான் வாங்கித் தருகிறேன்.

ஊதியதை என்ன செய்தேன் என்று கேட்பாய். கிணற்றடிக்கு அப்பால், வேலியிலிருந்து தள்ளி, மண்ணில் வைத்து அந்த 21 வாட் பல்பைக் கொழுவி, நான் தூரத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். பல்ப் மங்கி மங்கி அணைந்த பிறகும் கழற்றாமல் அடுத்த நாள் வரை விட்டேன், மீற்றர் பூச்சியம் காட்டியது. உப்புத் தண்ணீரில் ஊறப்போடச் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, உப்பு முதலில் பிளக்கைத் தின்றுவிடும், உள்ளே கரண்ட் அப்படியே நிற்கும், வெளியே செத்த மாதிரி இருக்கும். பிளக்குக்கு ரேப் சுற்றி மண் டின்னில் வைத்திருக்கிறேன், மின்கழிவு எடுப்பவர்கள் வரும்போது கொடுப்பேன். குப்பை வண்டியில் போட்டால் அழுத்தும்போது யாருடைய முகத்தில் எரியுமோ. ஊதிய பற்றரியைக் குத்திக் காற்று எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதை மட்டும் செய்யாதே மகள்.

எரிந்தால்? முதலில் நீ வெளியே வா. அந்தப் புகை நஞ்சு, ஒரு மூச்சும் இழுக்காதே, கதவைச் சாத்திவிட்டு எல்லாரையும் எழுப்பி, தீயணைப்புப் படையின் 110க்கு எடு. லித்தியத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும் என்பது இந்தப் பற்றரிக்குப் பொருந்தாது, நிறையத் தண்ணீர் அதைக் குளிரவைக்கும், ஆனால் அது மெயின் சுவிட்சை அணைத்த பிறகு, வெளியில் வைத்து எரிகிறபோது செய்கிற வேலை. அறைக்குள் நின்று நீ செய்ய வேண்டாம்.

வரும்போது பஸ்ஸிலோ இரவு ரயிலிலோ பற்றரிகளை மடியில் இருக்கிற பையில் கொண்டு வா, பஸ்ஸின் பின்பெட்டியில் போடாதே. மஞ்சள் பிளக்குக்கு மூடி போடு, உன் பையில் திறப்பும் ஊசியும் சில்லறையும் கிடக்கும். சித்தப்பா லண்டனிலிருந்து வரும்போது பெரிய பற்றரி கொண்டுவரச் சொன்னாய் அல்லவா, நாலு செல் 5000 என்றால் 14.8ஐ 5ஆல் பெருக்க 74 வாட்-மணித்தியாலம், 100க்குள் இருக்கிறது. கைப்பையில் கொண்டுவரட்டும், பெரிய பெட்டியில் போடக்கூடாது. எதற்கும் புறப்படுமுன் விமானக் கம்பனியிடம் கேட்கச் சொல்.

மீதி மூன்று பற்றரியும் இப்போது 3.82இல் நிற்கின்றன. அலுமாரிக்கு மேல் இல்லை, குசினிக்கு வெளியே நிழல் விறாந்தையில் அம்மாவின் பழைய சட்டிக்குள். மாதம் ஒரு தரம் நான் மீற்றர் பிடிக்கிறேன்.

உன் அறையில் இருக்கிற இரண்டையும் இன்றிரவே வெள்ளைப் பிளக்கில் பார்த்து, இரண்டு பற்றரிக்கும் மூன்று மூன்று எண்ணாக எனக்கு அனுப்பு. தட்டையாக இருக்கிறதா என்று மேசையில் வைத்துப் பக்கவாட்டில் ஒரு படமும் எடு. பத்து மணி வரை முழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா