ஸ்லீப்பிங் பேர் ஏரிக்கரையில் எங்களுக்கு உதவியவர்களுக்கு நன்றி

முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஸ்லீப்பிங் பேர் மணற்குன்றுகளுக்கு எப்படி அழைத்துப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தோம். "அங்கே ஏற்பாடு இருக்கு, தைரியமா கூட்டிட்டுப் போங்க" என்று சொன்ன டெட்ராய்ட் தமிழ் நண்பர்களுக்கு முதல் வணக்கம்.

எம்பயர் ஊரில் உள்ள பார்வையாளர் மையத்து ரேஞ்சர் அவர்களே, வரைபடத்தை விரித்துப் பிள்ளைகளிடமே நேராகப் பேசினீர்கள். மிச்சிகன் ஏரிப் பக்கம் சரியும் மணல் சுமார் 137 மீட்டர் உயரம். இறங்கச் சில நிமிடம் போதும், ஏறி வர இரண்டு மணி நேரம்கூட ஆகலாம் என்றீர்கள். நாங்கள் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் சொன்னதால் விளிம்பிலேயே நின்றுகொண்டார்கள்.

பே வியூ பாதையில் டாங்கி மாதிரிப் பட்டையில் ஓடும் மின் நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்து, கூடவே நடந்து வந்த தன்னார்வலர்களுக்கு என்ன சொல்வது! கட்டணம் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. தூரத்தில் மானிட்டூ தீவுகள் தெரிந்ததும், தீயிலிருந்து தப்ப ஏரியை நீந்திவந்த தாய்க்கரடியையும், கரை சேராமல் தீவுகளாகிப்போன அதன் இரு குட்டிகளையும் பற்றிய அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்களின் கதையைச் சொன்னீர்கள். அம்மா கண் கலங்கிவிட்டார்.

அப்புறம் கிளென் ஹேவன் என்ற பழைய கிராமம். அங்குள்ள, கப்பல் விபத்தில் சிக்கியவர்களை மீட்ட உயிர்காப்பு நிலையம் 1901இல் கட்டப்பட்டது. மணல் நகர்ந்து மூட வந்ததால் 1931இல் இப்போதைய இடத்துக்கு மாற்றினார்களாம். இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் அந்த நிலையத்தின் வழிகாட்டிகளே, நீங்கள் நடத்திக்காட்டிய மீட்புப் பயிற்சியை எங்கள் வீட்டில் இன்னும் பேசுகிறோம். சிறு பீரங்கியால், சிக்கிக்கொண்ட கப்பலுக்குக் கயிற்றை எறிந்து, மிதவை வளையத்தோடு தைத்த கால்சட்டையில் ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கரைக்கு இழுப்பார்கள். அந்தக் கயிற்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்தீர்களே, அதுதான் பெரிய விஷயம். "ராத்திரியிலும் கரையில் ரோந்து நடப்பாங்களா?" என்று அம்மா கேட்க, புயல் இரவிலும் நடந்தவர்களைப் பற்றிப் பொறுமையாக விளக்கினீர்கள்.

கடைசியாக, கடற்கரை போலவே விரிந்த அந்த ஏரிமணலில் கயிறு கட்டிப் பைப்பிங் பிளவர் என்ற சிறு கரைப்பறவையின் கூடுகளைக் காக்கும் தன்னார்வலர்களுக்கு: 1980களில் பேரேரிகள் முழுவதிலும் 20 ஜோடிக்கும் குறைவாகிவிட்ட பறவை அது. எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்தது உங்களால்தான். மனமார்ந்த நன்றி.