செட் ஆகலை

அன்புள்ள சபா,

நாலு மாதமாய்க் கடிதம் போடவில்லை. திட்டிவிட்டு மேலே படி. எல்லோரும் சுகம், என் முட்டியைத் தவிர.

சின்னவனுக்குப் பெண் பார்த்த கதை தெரியுமல்லவா? நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, பையனும் பெண்ணும் பேசி வைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள்: "செட் ஆகலை." ஏன் என்று கேட்டால் மறுபடியும் அதே. முப்பது வருஷம் இங்கிலீஷ் வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு இந்தத் துக்கடாச் சொல் பிடிபடவில்லை. ஆத்திரத்தில் நம் கல்லூரி நூலகத்துக்கே போய் ஆக்ஸ்போர்டு அகராதியை எடுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சிரிக்காதே.

1989 பதிப்பில் இருப்பதிலேயே நீளமான பதிவு இந்த வினைச்சொல்தான். 430க்கு மேல் பொருள், ஏறக்குறைய 60,000 சொற்கள்! (இப்போது 'ரன்' 645 பொருளோடு முந்தி ஓடிவிட்டது. பெயருக்கேற்ற வேலை.) சூரியன் சாய்வது, அலாரம் வைப்பது, பொறி வைப்பது, உடைந்த எலும்பைச் சேர்ப்பது, கேள்வித்தாள் எடுப்பது எல்லாமே செட். அடிப்படை என்னவோ எளிது: 'சிட்' என்றால் உட்கார், 'செட்' என்றால் உட்கார வை. நம் இரு, இருத்து மாதிரி.

ஆனால் கூட்டம் என்கிற செட் இருக்கிறதே, அது வேறு வீட்டுப் பிள்ளை. ஒருவர் பின்னால் போகும் கூட்டத்தைக் குறிக்கும் 'செக்டா' என்ற லத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக வந்து இதோடு ஒட்டிக்கொண்டது. செட் தோசை, பம்ப் செட், நம் மைக் செட் மாமா எல்லாம் அந்தக் கிளை. பேத்தியின் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இதற்குப் பெயர் கணம். பூதகணம் என்று சொல்லியிருந்தால் நமக்கு அன்றே கணக்கு வந்திருக்கும்.

சரி, "செட் ஆகலை" எந்தக் கிளை? சிமென்ட் இறுகுகிற கிளை என்றுதான் தோன்றுகிறது. தளம் போட்டபோது கொத்தனார் கத்தினாரே, "செட் ஆகட்டும் சார், அதுக்குள்ள காலை வைக்காதீங்க" என்று! நான்தான் அவசரப்பட்டு வைத்துவிட்டேனோ? மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் போகட்டும். பையன் ராத்திரியெல்லாம் மொட்டைமாடியில் நடக்கிறான். கேட்டால் சிரிக்கிறான்.

தை பிறந்ததும் வருகிறேன் என்றாயே, முன்னாலேயே வாயேன். உன்னிடம் பேசுவான். என்னிடம் வாயைத் திறந்தால் நான் அகராதியை எடுத்துவிடுகிறேனாம்.

உன்,
ராமு