குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு வாங்கிய வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி குறித்த புகார் கடிதம்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
வெள்ளகோவில் அருகில், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்கள்.

பொருள்: மின் இணைப்பைத் தானாகப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டதால் காடைக் குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே இறந்தமை, உத்தரவாதம் மறுக்கப்பட்டமை, தங்கள் ஊழியர் அவமரியாதையாகப் பேசியமை குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்தக் குறையைத் தங்கள் உதவி எண்ணில் பலமுறை சொல்லியும், மின்னஞ்சலில் எழுதியும், கோவைக்கு நேரில் வந்து கருவியைக் காட்டியும் ஒரு முடிவும் கிடைக்காததால் இக்கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். அழைத்தால் ஒரு புகார் எண் கொடுக்கிறீர்கள். ஓரிரு நாளில் "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது. மறுபடி அழைத்தால் பழைய எண் முடிந்துவிட்டது என்று சொல்லிப் புதிய எண் தருகிறீர்கள். என்ன தீர்க்கப்பட்டது என்று இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

கருவி எப்படி வேலை செய்யும் என்பதைச் செய்து விற்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குறித்த வெப்பத்தைத் தொட்டதும் பல்பை அணைக்க வேண்டும், கொஞ்சம் இறங்கியதும் எரிய விட வேண்டும்; அதற்காகத்தான் ரூ. 1,350 கொடுத்து வாங்கினேன். வீட்டில் வளர்க்கும் ஜப்பானியக் காடை அடை படுக்காது. முட்டையிட்ட இடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடும் என்பதால், 17, 18 நாள் தாய்ச்சூட்டைப் பெட்டிதான் கொடுத்தாக வேண்டும். காற்றாடி வைத்த பெட்டியில் அந்தச் சூடு 37.5 டிகிரி செல்சியஸ். சூடு சிறிது குறைந்தால் சில மணி நேரம் கரு தாங்கிக்கொள்ளும், பொரிப்பு சற்றுத் தள்ளிப்போகும், கூடினால் தாங்காது. ஆகவே பெட்டியில் மற்ற எதில் சிக்கனம் பார்த்தாலும் கட்டுப்பாட்டுக் கருவியில் பார்க்கக் கூடாது என்று, சந்தையில் மலிவாகக் கிடைத்தவற்றை ஒதுக்கிவிட்டுத் தங்கள் கருவியை நம்பி வாங்கினேன்.

நாமக்கல் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து கருக்கூடிய முட்டைகள் 120 வாங்கி வந்து, ஒரு நாள் ஆறவைத்து, கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கினேன். பெட்டி கனமான தெர்மோகோல். இரண்டு 60 வாட் பல்புகள், ஒரு சிறிய காற்றாடி, கீழே தண்ணீர்த் தட்டு. மின்தடை வந்தால் சமாளிக்க என் மாமனார் இன்வர்ட்டரிலிருந்து தனி இணைப்பு கொடுத்தார். காலை, மதியம், இரவு என்று முட்டைகளைக் கையால் திருப்பி விட்டேன். காடை முட்டையின் ஓட்டில் புள்ளியும் திட்டுமாக இருப்பதால் டார்ச் அடித்துப் பார்ப்பது எளிதல்ல. அப்படியும் இருட்டறையில் ஒவ்வொன்றாகப் பார்த்து, கூமுட்டைகளைக் கழித்தேன். மீதி எல்லாவற்றிலும் கரு வளர்ந்திருந்தது. திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 சதவீதத்துக்கு மேல் ஏற்றி வைத்த அன்றிரவுதான் தங்கள் கருவி என்னைக் கைவிட்டது.

விடியற்காலையில் சாளையில் (தோட்டத்து வீட்டில்) பெட்டி வைத்திருந்த அறைக்குப் போய்ப் பார்த்தபோது திரையில் 42.3 என்று இருந்தது. ரிலே வேலை செய்வதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது, பல்புகள் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. தண்ணீர்த் தட்டு காய்ந்து, ஓரத்தில் உப்புப் படிந்திருந்தது. வெப்பம் மீறினால் ஒலி எழுப்பும் என்று தாங்கள் விளம்பரப்படுத்திய எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. பக்கத்து அறையில்தான் நாங்கள் படுத்திருந்தோம், அடித்திருந்தால் யாராவது எழுந்திருப்போம். 18ஆம் நாள் கடந்தும் ஒரு முட்டைகூட விரிசல் விடாததால் சிலவற்றை உடைத்துப் பார்த்தேன். உள்ளே மென்மயிர் முழுக்க முளைத்த குஞ்சுகள், அலகைக் காற்றுப்பை இருக்கும் பக்கமாகத் திருப்பிவைத்தபடி, மஞ்சள் கரு வயிற்றுக்குள் முழுவதும் இழுபடாமலே செத்துக் கிடந்தன. அந்த இரவைத் தாண்டி இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கொத்திக்கொண்டு வெளியே வந்திருக்கும்.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது தங்கள் ஊழியர் ஒருவர் எனக்குச் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "ஏம்மா, காடை முட்டை கடையிலயே விக்கிது, வாங்கி அவிச்சுத் தின்னுட்டுப் போக வேண்டியதுதானே. இதுக்கெல்லாம் கம்பெனிக்கு போன் பண்ணுவாங்களா?" எங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்கும் பிள்ளையைக்கூட "வாங்க கண்ணு" என்றுதான் கூப்பிடுவோம். காசு கொடுத்துப் பொருள் வாங்கியவளை, அதுவும் இத்தனை உயிர் போன மறுநாள், இப்படிப் பேசுவதற்கா சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறீர்கள்? அழைப்புகள் பதிவு செய்யப்படும் என்று ஒவ்வொரு முறையும் நீங்களே அறிவிக்கிறீர்கள். அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். தங்கள் வீட்டுப் பெண்களிடம் யாராவது அப்படிப் பேசினால் பொறுத்துக்கொள்வீர்களா என்று தாங்களே யோசித்துப் பாருங்கள்.

அவருக்கு முன் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் மின்னழுத்தம் ஏறி இறங்கியிருக்கும் என்றார். அடுத்தவர், வீட்டில் செய்த பெட்டியில் பொருத்தியதால் உத்தரவாதம் செல்லாது என்றார். இது எனக்கு விளங்கவே இல்லை. தங்கள் அட்டைப் பெட்டியின் மேல் முட்டைகளின் படத்தைப் போட்டு, "வீட்டு இன்குபேட்டருக்கு ஏற்றது" என்று தமிழிலேயே அச்சிட்டிருப்பது யார்? பத்து ஆம்பியர் வரை தாங்கும் என்றும் அதிலேயே இருக்கிறது. 120 வாட் பல்பு 230 வோல்ட்டில் இழுப்பது அரை ஆம்பியர் சொச்சம்தான். அதைத் தாங்காத ரிலே பத்து ஆம்பியரை எங்கே தாங்கப் போகிறது?

கருவியை நேரில் கொண்டுவரச் சொன்னதும் நீங்கள்தான். வெள்ளகோவிலில் பேருந்து ஏறி, காங்கேயம், பல்லடம், சூலூர் வழியாகச் சிங்காநல்லூர் வந்து, அங்கிருந்து காந்திபுரம், பிறகு கணபதி என்று மாறி மாறி, கைக்குழந்தையோடு வெயிலில் தங்கள் சேவை மையத்துக்கு வந்தேன். மதிய உணவு நேரம் என்று வெளியே நிற்க வைத்தார்கள். உட்கார ஒரு நாற்காலி இல்லை. திறந்த பிறகு, அசல் அட்டைப் பெட்டி இல்லாமல் வாங்கிக்கொள்ள முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அட்டைப் பெட்டியும் வேண்டும் என்று தொலைபேசியில் ஒருவராவது சொல்லியிருக்கக் கூடாதா? கருவியைச் செருகிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதைக்கூட அவர்கள் செய்யவில்லை.

அவர்கள் செய்யாததை வெள்ளகோவிலில் உள்ள எலெக்ட்ரீஷியன் செய்தார். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது, பிரிந்திருக்க வேண்டிய ரிலேயின் முனைகள் இரண்டும் ஒட்டியே இருந்தன. அவர் எழுதித் தந்த குறிப்பையும், விடியற்காலையில் எடுத்த புகைப்படங்களையும், ரசீதின் நகலையும் இணைத்துள்ளேன். மின்னழுத்தம் என்று இனியும் சொல்ல வேண்டாம்.

இழப்பு 1,350 ரூபாய் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த முட்டைகளில் தொண்ணூறு குஞ்சுகளாவது பொரித்திருக்கும். பாதி பெட்டை என்றால் ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 250 முட்டைக்குக் குறையாமல் கொடுத்திருக்கும். ஒரு முட்டை மூன்று ரூபாய் என்றாலும் அதுவே முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது. சேவல்களை ஐந்து வாரத்தில் கறிக்குக் கொடுத்திருப்பேன். அடுத்தடுத்த தலைமுறையையும் சேர்த்தால் ஒரு லட்சத்துக்குக் குறையாது. வெள்ளாமை பொய்த்த ஆண்டில் வீட்டுக்கு ஒரு வருமானம் என்று நம்பி இறங்கிய எனக்கு, ஒரு சிறு தொழிலே தொடக்கத்தில் கருகிப்போனது.

தங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. நல்ல பொருளைக் கொடுத்தால் இன்னும் பத்துப் பேருக்குச் சொல்லவும் தயாராக இருந்தவள். பணிவோடு கேட்டுக்கொள்வது இதுதான்: கருவியின் விலையையும் முட்டைக்குக் கொடுத்த பணத்தையும் முழுமையாகத் திருப்பித் தாருங்கள், இழப்புக்கு ஈடாக ரூ. 50,000 தாருங்கள், அந்த ஊழியர் பேசியதற்கு எழுத்துமூலம் வருத்தம் தெரிவியுங்கள். இதே ரிலேயோடு விற்ற மற்றக் கருவிகளையும் சோதித்துப் பாருங்கள். எத்தனை வீட்டில் என்னென்ன நடந்ததோ தெரியாது.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இதற்காகத் தங்கள் ஊருக்கு வரத் தேவையில்லை. வியாபாரத்துக்கு வாங்கியதால் நுகர்வோர் ஆக முடியாது என்று தங்கள் ஊழியர் ஒருவர் சொன்னார். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்குபவரும் நுகர்வோரே என்று அச்சட்டமே விளக்குகிறது, அவரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யப் போகிறேன். அதற்கெல்லாம் இடம் வைக்காமல் தாங்களே முடித்துக்கொடுத்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதிலைக் கையொப்பமிட்ட கடிதமாக அனுப்புங்கள். தொலைபேசியில் அழைத்துப் புதிய புகார் எண் தர வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்