அச்சுப் பட்டறை நண்பர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

குழுக் கண்காட்சியில் என் மோனோடைப் பிரின்ட்டுகளையும் சேர்த்து மாட்டியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றின் கீழும் வலது ஓரத்தில் பென்சிலால் என் கையெழுத்து, இடது ஓரத்தில் 1/1, அதாவது ஒரே ஒரு பிரதி. பெரிய அச்சுக்கூடங்களில், ஓவியருக்கு அச்செடுத்துக் கொடுத்தவர் தாளின் மூலையில் மை இல்லாத ஒரு சின்ன முத்திரையை அழுத்திவிடுவது உண்டு. இந்தத் தாளில் இன்னொருவர் கையும் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. நம் பட்டறையில் அந்த வழக்கம் இல்லை. இருந்திருந்தால் என் தாள்களில் முத்திரை குத்த மூலை போதாமல் போயிருக்கும். அதனால்தான் இந்த மடல்.

பார்க்க வந்தவர்களில் சிலர், "இது பெயின்டிங்கா, பிரின்ட்டா?" என்று கேட்டார்கள். இரண்டும்தான் என்று சொல்லிவைத்தேன். மோனோடைப்புக்கு வேண்டியது கீறலோ செதுக்கலோ இல்லாத வழவழப்பான தகடு. அதில் மையைப் பூசி, துடைத்தோ தீட்டியோ படம் செய்து, மை காய்வதற்குள் தாளில் ஒற்றி எடுத்துவிட வேண்டும். தகட்டில் படம் தங்காது என்பதால் அதே படம் இன்னொரு தடவை வராது. ஒரே ஒரு பிரதிக்காகவா இத்தனை சாமான், இத்தனை துடைப்பு என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் அழுத்தத்தில் மை தாளுக்குள் இறங்குகிறதே, அந்த மென்மை நேரடியாகத் தூரிகையால் தீட்டினால் வருவதில்லை. தொட்டுப் பார்த்தால் சட்டென்று புரியும். (தொடாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறோம் என்பதும் தெரியும்.)

முதல் நன்றி உங்களுக்குத்தான், அக்கா. மையைப் பற்றி எவ்வளவோ படித்துவிட்டு வந்தவளிடம் நீங்கள் முதலில் சொன்னது, "பாட்டை நிறுத்து, சத்தத்தைக் கேள்" என்பதுதான். கண்ணாடிப் பலகையில் பட்டி பார்க்கும் கத்தியால் மையை ஒரு பட்டையாக இழுத்துவிட்டு ரோலரை என் கையில் கொடுத்தீர்கள். மை கூடுதலாக இருக்கும்வரை ரோலர் சவக் சவக் என்று ஒட்டி ஒட்டி வரும், மை சின்னச் சின்ன மேடாக எழும்பி நிற்கும். கத்தியால் கொஞ்சம் வழித்தெடுத்துவிட்டு மறுபடி உருட்ட உருட்ட, அந்தச் சத்தம் மெலிந்துகொண்டே வந்து, ஓட்டின் மேல் தூறல் விழுவதுபோல ஒரே சீராகக் கேட்க ஆரம்பிக்கும். "இப்போ சரி. இந்தச் சத்தத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள், எத்தனை கிராம் என்று கேட்காதே" என்றீர்கள். மை மாறினாலும் வெயில் ஏறினாலும் கணக்கு மாறுகிறது, சத்தம் மட்டும் மாறுவதில்லை. இதை எந்தப் புத்தகத்திலாவது படித்திருந்தாலும் எனக்கு ஏறியிருக்காது.

ரோலரைச் சும்மா முன்னும் பின்னும் தேய்த்தால் ரப்பரின் அதே பாகம்தான் பலகையின் அதே இடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், அதனால் ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் தூக்கி அந்தரத்தில் ஒரு சுழற்சி விட வேண்டும் என்று என் மணிக்கட்டைப் பிடித்தே காட்டினீர்கள். அப்புறம் குறுக்கே, அப்புறம் நெடுக்கே. வேலை முடிந்ததும் ரப்பர் முகத்தை மேசையில் படும்படி வைத்தால் அந்த இடம் தட்டையாகிவிடும் என்று ஆணியில் மாட்டவைத்தீர்கள். இப்போது வேறு எங்கே போனாலும் மேசையில் கிடக்கும் ரோலரை எடுத்து மாட்டிவிட்டுத்தான் மறுவேலை. சிலர் முறைக்கிறார்கள்.

துடைக்கவும் நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். தகடு முழுக்கக் கறுப்பைப் பூசிவிட்டு வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டே போவது. நான் முகம் ஒன்று செய்துகொண்டிருந்தபோது பக்கத்தில் நின்றீர்கள். நெற்றிக்கு மடித்த பருத்தித் துணி, இமையோரத்துக்குப் பஞ்சு சுற்றிய குச்சி, முடிக்கற்றைக்குத் தூரிகையின் மரக்காம்பு. மூக்கின் மேட்டுக்கு மட்டும் கட்டைவிரலில் துணியைச் சுற்றி மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. ஆரம்பத்தில் அழுத்தம், நுனி வரும்போது விரல் தானாகத் தளர வேண்டும். கன்னத்தை இன்னும் வெளுக்கலாமா என்று துணியை எடுத்தேன். "போதும், கொஞ்சம் அழுக்கு இருக்கட்டும்" என்று கையைத் தட்டிவிட்டீர்கள். தகட்டில் மிச்சம் விட்ட அந்த மெல்லிய மைப்படலம் அச்சில் மாலை வெளிச்சமாக வந்து விழுந்ததைப் பார்த்த பிறகு நான் உங்களிடம் வாதாடுவதை விட்டுவிட்டேன். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட்கூடத் தன் எட்சிங் (அமிலத்தால் கோடு அரித்தெடுக்கும் அச்சுமுறை) தகடுகளை முழுக்கத் துடைக்காமல் மையை அங்கங்கே விட்டுத்தான் இருட்டை வரவழைத்தார் என்று நீங்கள் பிறகு சொன்னது, கூடுதல் ஆறுதல்.

பிரஸ் பார்த்துக்கொள்ளும் அண்ணாவுக்கு. அக்ரிலிக் ஷீட்டை வெட்டி வந்த அன்றே அதன் நாலு ஓரத்தையும் அரத்தால் சரிவாக ராவி, உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தீர்கள். கூர் ஓரத்தோடு உள்ளே விட்டால் தாளும் கிழியும், அதற்கு மேல் போடும் கம்பளியும் அறுபடும். கம்பளி என்ன விலை என்று நீங்கள் சொன்ன தொனியே போதுமானதாக இருந்தது. எட்சிங்குக்கு வைக்கும் அழுத்தத்தை மோனோடைப்புக்கு வைக்கக் கூடாது, மை பிதுங்கிக் கோடெல்லாம் பரவிவிடும் என்று இரண்டு பக்கத் திருகையும் ஒரே அளவுக்குத் தளர்த்திவிட்டுத்தான் சக்கரத்தை என்னிடம் கொடுத்தீர்கள். முந்தின நாளே தாளை நனைத்து, ஒற்றி, பிளாஸ்டிக் உறைக்குள் அடுக்கிவைத்துவிட்டுப் போனதும் நீங்கள்தான் என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். காலையில் வந்தால் தாள் ஈரம் சொட்டாமல், தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியும் பதத்தில் காத்திருக்கும். அது தன்பாட்டுக்கு நடக்கும் விஷயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐயா, உங்கள் புத்தக அலமாரிக்கு ஒரு தனி வணக்கம். இத்தாலியின் ஜெனோவா ஊர்க்காரரான காஸ்டிலியோனே 1640களிலேயே மையிட்ட தகட்டைத் துடைத்துத் துடைத்துப் படம் எடுத்தவர் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். இது ஏதோ நேற்று வந்த கைவேலை என்று நினைத்திருந்தேன். ஆனால் நீங்கள் எனக்குக் கொடுத்தவற்றில் பெரியது பிரெஞ்சு ஓவியர் டெகாவின் கதை. 1870களின் நடுவில் லெபிக் என்ற நண்பரோடு சேர்ந்து மோனோடைப்பைப் பிடித்துக்கொண்டவர், முந்நூறுக்கும் மேல் செய்திருக்கிறார். முதல் பிரதி எடுத்த பிறகு தகட்டில் மிச்சமிருக்கும் மையை வைத்து இன்னொரு தாளில் வெளிறிய பிரதி ஒன்று எடுப்பார். நாம் கோஸ்ட் என்று சொல்கிறோமே, அது. அதன் மேல் பாஸ்டல் வண்ணக்கட்டியால் தீட்டி முழு ஓவியமாக்கிவிடுவார். வெளிச்சமும் நிழலும் ஏற்கெனவே தாளில் இருக்கும், நிறம் மட்டும்தான் பாக்கி. நீங்கள் அதைச் சொன்ன நாளிலிருந்து கோஸ்ட்டைக் குப்பைக் கூடையில் போடுவதில்லை. சொல்லப்போனால், கண்காட்சியில் இருப்பவற்றில் எனக்குப் பிடித்தது ஜன்னலோரம் தொங்கும் கோஸ்ட்தான். முதல் பிரதி எல்லாவற்றையும் உரக்கச் சொல்லிவிடுகிறது. இது அப்படி இல்லை.

தம்பி, நீ இல்லாவிட்டால் இந்தக் குழுவில் பாதிச் சிரிப்பு இருந்திருக்காது. பிரஸ் கிடைக்காத நாட்களில் தகட்டில் மெல்லிசாக மை உருட்டி, அதன் மேல் தாளைப் போட்டு, முதுகுப்பக்கம் பென்சிலால் வரையக் காட்டிக்கொடுத்தது நீ. கோடு அழுத்திய இடத்தில் மட்டும் மை ஏறி, பொசுபொசுவென்று ஓரம் கலங்கி வரும். பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் 1899க்குப் பிறகு இந்த முறையில் நிறைய வரைந்தார் என்று சொல்லிவிட்டு, "அவர் உள்ளங்கையை எங்கே வைத்திருப்பார்?" என்று நீ கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. கை பட்டாலும் மை ஏறிவிடும் என்று நாம் இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி, மேலே ஸ்கேலைப் பாலமாக வைத்துக் கையைத் தாங்கிக்கொண்டோம். உன் பெயரை வலமிடம் மாற்றி எழுதிப் பழகச் சொல்லி நீ வைத்த போட்டியும் மறக்காது. அச்சில் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி வருவதால் தகட்டில் தலைகீழாக யோசிக்க வேண்டும். ட, ப எல்லாம் சமாளித்துவிடலாம், இ எழுதும்போது கை என் பேச்சைக் கேட்பதே இல்லை.

எண்ணெய் கூடிய மைக்கும் கெட்டி மைக்கும் ஆகாது என்று உருட்டிக் காட்டியதும் நீதான். முதலில் இளகிய மையைப் பூசி, அதன் மேல் கெட்டி மையை உருட்டினால் பின்னது ஒட்டாமல் விலகிப்போகும். வரிசையை மாற்றினால் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பாரிஸில் ஹெய்ட்டரின் அட்டெலியே 17 பட்டறையில் நம் கிருஷ்ணா ரெட்டி ஒரே தகட்டில் பல நிறம் எடுக்க இதைத்தானே பிடித்துக்கொண்டார். அவர் செய்தது ஆழமாகக் குடைந்த தகட்டில், நம்முடையது வழுக்குத் தகடு. இருந்தாலும் நீலம் மஞ்சளை விட்டு விலகி நின்றதைப் பார்த்து நீயும் நானும் கத்திய கத்தலில் அக்கா அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தார்.

சுத்தம் செய்யும் நேரத்தில் கூட நின்றவர்களுக்கு மொத்தமாக ஒரு கும்பிடு. முதலில் சமையல் எண்ணெய் விட்டு மையை இளக்கு, அப்புறம் சோப்பு என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம், செய்வதுதான் பாடு. லின்சீட் எண்ணெய் மை துடைத்த துணியைச் சுருட்டிக் குவித்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்று மூடி போட்ட தகர டப்பாவைக் கொண்டுவந்து வைத்த அம்மாவை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். அந்த டப்பா இல்லாத பட்டறைக்குள் இனி நான் நுழைய மாட்டேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: நடைவழியில் கொடி கட்டித் தாள்களைத் தொங்கவிட்டதற்கு நீங்கள் குனிந்து குனிந்து போனீர்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாளின் முதுகைத் தேய்க்க எடுத்துப்போன மரக்கரண்டியைப் பற்றி மட்டும் இரண்டு தடவை கேட்டீர்கள். அது திரும்பி வராது. புதுசு வாங்கித் தருகிறேன்.

கடைசியாக ஒரு வேலை விஷயம். மேலே சொன்ன ஒவ்வொருவருக்கும் ஒரு கோஸ்ட் எடுத்து வைத்திருக்கிறேன். பின்பக்கம் பென்சிலில் பெயர் எழுதி, பிரஸ் அறையில் உலர்த்தும் தட்டுகளில் அடுக்கியிருக்கிறது. கண்காட்சி முடிவதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் மை, இன்னும் முழுசாகக் காயவில்லை. தொட்டால் விரலில் ஒட்டாமல் இருக்கும்வரை சட்டம் போட்டுக் கண்ணாடி மூடிவிடாதீர்கள். அண்ணா, உங்களுடையது பெரிய தாள், தட்டில் அடங்கவில்லை. கொடியில் கிளிப் போட்டுத் தொங்குகிறது.

அன்புடன்,
உங்கள் மாணவி