குளிசை பாவிக்கிறீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

எனக்குத் தெரிந்த பெண்ணொருத்திக்குத் திருமணமாகி இரண்டு வருடம். (அவளது சம்மதத்துடன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி எழுதுகிறேன்.) "இன்னும் ஒன்றும் இல்லையா?" என்று கேட்டு அலுத்த மாமியார், அவளைத் தனியார் ஆய்வுகூடமொன்றுக்கு அழைத்துச் சென்று ஹோர்மோன் பரிசோதனை செய்வித்தார். சூலகத்தைத் தூண்டும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற ஹோர்மோன்கள், சூலகம் சுரக்கும் பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரடையோல் மூன்றும் குறைவு என்று அறிக்கை வந்தது. வீடே இழவு வீடாகிவிட்டது.

படிப்பு முடியும்வரை பிள்ளை வேண்டாமென்று கணவனும் அவளுமாகத் தீர்மானித்துக் கருத்தடைக் குளிசை பாவித்து வந்திருக்கிறார்கள். ஆய்வுகூடத்தில் அதை ஒருவரும் கேட்கவில்லை. மாமியார் பக்கத்தில் நிற்க, அவள் எப்படி வாய் திறப்பாள்? குளிசை தன்னை மலடியாக்கிவிட்டதென்று என்னிடம் வந்து அழுதாள்.

முப்பது வருடம் தாதியாக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு ஹோர்மோன்கள் சேர்ந்த கூட்டுக் குளிசை பாவிக்கும் பெண்ணின் இரத்தத்தில் அந்த அளவுகள் குறைவாகத்தான் இருக்கும். குளிசையிலுள்ள ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜனும் உடலில் இருக்கும்வரை, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டையும் குறைத்தே சுரக்கும். அவை தூண்டாதபோது சூலகத்தில் முட்டை முதிராது. அதன் சொந்த ஈஸ்ட்ரடையோலும் இறங்கும். 21 நாள் குளிசை முடிந்தபின் வரும் இரத்தப்போக்குகூட, ஹோர்மோன் நின்றதால் வருவதுதான். குளிசையால் இரத்தத்தில் புரதத்துடன் ஒட்டாமல் இருக்கும் (கட்டற்ற) டெஸ்டொஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோன் குறைவதால் சிலருக்கு முகப்பரு அடங்கும். தைரொயிட் பரிசோதனையில், டி4 என்ற தைரொயிட் ஹோர்மோனின் மொத்த அளவு உயர்ந்து காட்டுவதும் உண்டு. குளிசையை நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில மாதங்களுக்குள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இரத்த உறைவு, ஒற்றைத் தலைவலி, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கட்டாயம் வைத்தியரைக் கேட்க வேண்டும். நான் குளிசைக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் பயந்துபோய் அட்டையை இடைநடுவில் விட்டுவிட்டு, விரும்பாத கர்ப்பத்துடன் வந்த பெண்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

ஆய்வுகூடங்களின் படிவத்தில் "ஹோர்மோன் மருந்து ஏதும் பாவிக்கிறீர்களா?" என்று ஒரு வரி சேர்ப்பதற்கு என்ன செலவாகும்? அந்தக் கேள்வியை அவளைத் தனியே அழைத்துக் கேளுங்கள். அறிக்கையையும் அவளிடமே கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.